பக்கம் முடியட்டும்

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பழைய தொழிற்சாலைக் காவல்காரர் முனியாண்டி கைப்பேசியில் கூப்பிட்டார். "நம்ம டீமேக்கர் ஐயா போயிட்டாருங்க. நாளைக்குப் பதுளையில எடுக்கிறாங்க." என் வாயில் முதலில் வந்தது, "சொல்லாமலே போயிட்டாரா?" என்பதுதான். முனியாண்டி அதைத் துக்கமென்று எடுத்துக்கொண்டார். துக்கமாவது, மண்ணாவது! எரிச்சல்.

அருமைநாயகத்தாரைப் புகழ்ந்து எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எழுதட்டும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் அவர், நான் அவருக்கு உதவி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து அந்த வேலைக்கு வந்த முதல் ஆள் நான். அதை அவர் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. தூள் சலிக்கும் பெண்கள் வானொலியில் பாட்டு வைத்தால் ஓடிவந்து நிறுத்துவார். "பாட்டுக் கேக்கிற ஆக்கள் தேயிலைக்கு உதவாயினம்" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் பைத்தியம் பிடித்தது. தேயிலை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கசெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய இசை. பரோக் என்று பெயராம். "ஒண்டு ஓடுது, மற்றது துரத்துது. பிடிபடுறதே இல்லை, கேளும்!" என்று என்னைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார். கண் கலங்கியிருக்கும். சலிக்கும் பெண்களின் வானொலியை மட்டும் அப்போதும் நிறுத்தினார். வெட்கங்கெட்ட மனிதர்.

பிறகு மணிக்கூடு பார்ப்பதையும் விட்டார். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைக்கும் அறையில், கசெட்டின் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தால் தூளை அடுப்புக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. சில மாதங்கள் சரியாகத்தான் வந்தது. ஒருநாள் முற்பகலில் பற்றரி இறங்கிவிட்டது. கசெட் மெதுவாக ஓட, வயலின் இழுத்து இழுத்து அழுதது. தூளின் வாசம் மாறுவது என் மூக்குக்குத் தெரிந்தது.

"ஐயா, நேரம் தாண்டிருச்சுங்க. அடுப்புக்கு அனுப்பிருவோம்."

"பொறும். பக்கம் முடியட்டும்." கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அன்றைய தேயிலை முழுவதும் கெட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து ருசி பார்த்துத் துப்பினார். யார் பொறுப்பு என்று கேட்டார். அருமைநாயகத்தார் என்னைக் காட்டினார். "லயத்திலயிருந்து வந்த ஆள், சேர். நேரம் பாக்கத் தெரியேல்லை."

அந்த வாரமே என்னை மலைக்குக் கொழுந்து நிறுக்க அனுப்பிவிட்டார்கள். "கையில வாட்ச் கட்டிக்கிட்டுத்தானேடா போன?" என்று அப்பா கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாமலே இறந்தும் போனார்.

பல வருடம் கழித்துப் பதுளைக் கடைவீதியில் அருமைநாயகத்தாரைக் கண்டேன். "துரையிட்டை உண்மையைச் சொல்லுறன். கொஞ்சம் பொறும்" என்றார். பொறுத்தேன். அந்தப் பாழாய்ப்போன இசை எனக்கும் பிடித்துப்போயிருந்தது. வீட்டில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணத்தோடுதான் சாவு வீட்டுக்குப் போனேன். முன்வரிசையில் துரை, கிழவராகி, தடியூன்றி உட்கார்ந்திருந்தார். பழைய தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அருமைநாயகத்தாரின் கடைசி ஆசைப்படி தேவாரத்துக்குப் பிறகு அதே கசெட் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் என்னிடம் வந்தார்.

"அண்ணை, இராகுகாலத்துக்கு முன்னம் எடுக்கோணும். நீங்கள் நாலு வார்த்தை பேசுங்கோ. பாட்டை நிப்பாட்டட்டோ?"

அந்த நேரம் பார்த்து ஒரு வயலின் ஓட, மற்றது துரத்திக்கொண்டிருந்தது. இழுவை இல்லை, சரியான வேகம்.

"பொறுங்க தம்பி. இந்தப் பக்கம் முடியட்டும்" என்றேன்.

அது முடிந்தபோது பாடை தெருவுக்கு இறங்கியிருந்தது. துரை காரில் ஏறிப் போய்விட்டார்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: அன்று தேயிலையைக் கெடுத்தது நான் அல்ல. அருமைநாயகத்தாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய அந்தக் கெட்ட பழக்கம் ஒன்றுதான். இப்போதும், பக்கம் முடியாமல் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை.