சுப்புத்தாயின் இரண்டாவது சாட்சி

பசுவந்தனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பெயர் அல்லாபிச்சை. என் கடைச் சரக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற ஆள் என்று வீட்டிலேயே கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான், கடைக்குச் சுப்புத்தாய் வந்தால் எழுந்து நிற்பேன்.

2003 ஐப்பசியில் அவள் புருஷன் வன்னியபெருமாளைப் பருத்திக் காட்டில் யாரோ கண்டதுண்டமாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் இறங்குகிற பாதையோரம் கிடந்த செருப்பைப் போலீஸ் எடுத்தது. பக்கத்துக் காட்டுக்காரன் தங்கப்பாண்டியனின் செருப்பு அது. வெட்டிவிட்டு ஓடும்போது விட்டுப்போனது என்றார்கள். இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்ததும் உண்மை. களையெடுக்கப் போனதாகவும், மழை வலுத்ததும் செருப்பை எடுக்காமலே குறுக்கு வழியில் வீட்டுக்கு ஓடியதாகவும் அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. கோர்ட்டில் சுப்புத்தாயிடம் ஒன்றுதான் கேட்டார்கள், இது யார் செருப்பு என்று. அவள் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள். அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது.

மறுவருஷமும் மழை நன்றாகப் பெய்தது. கரிசல் நனைந்தால் செருப்போடு நடக்க முடியாது, மண் அப்பிக்கொண்டு காலை விடாது. அதனால் எல்லாரும் பாதையோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவோம். சாப்பிடும் முன்னால் கை கழுவுவது மாதிரி பழகிப்போன காரியம். அதைப் போய்க் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அப்படிக் கழற்றும்போதுதான் சுப்புத்தாய்க்குச் சுரீரென்றிருக்கிறது. காட்டுக்கே போகாமல் நேராகத் தங்கப்பாண்டியனின் வக்கீலைத் தேடிப் போய்விட்டாள்.

"அண்ணனைக் கொன்னவனுக்கா வக்காலத்து வாங்குதிய, மதினி?" என்று கொழுந்தன் இசக்கிராஜா அவள் சாமான்களைத் தெருவில் தூக்கி வைத்தான். அவள் என் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு வாடகைக்கு வந்தாள்.

மதுரையில் மேல்கோர்ட் அவளை மறுபடியும் விசாரித்தது. துணைக்கு நானும் போயிருந்தேன்.

"உன் புருஷனைக் கொன்றவன் தப்பித்துப் போகட்டும் என்கிறாயா?" என்றார் அரசு வக்கீல்.

"அன்னைக்குக் காலையில நானும் காட்டுக்குப் போயிருந்தேன்யா. என் செருப்பும் அங்கனதான் கெடந்துச்சு. அவரு உசுரோட இருக்கையில நான் மாட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எடுக்காம வந்திருந்தா, என்னையத் தூக்குல போட்டிருப்பீகளா?"

இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை தைரியத்தை எங்கே வைத்திருந்தாள்?

தங்கப்பாண்டியன் விடுதலையாகி வந்தான். கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது. காட்டுப் பாதையில் சுப்புத்தாயும் தங்கப்பாண்டியனும் எதிரும் புதிருமாகப் போகிறார்கள், வருகிறார்கள், பேச்சு கிடையாது.

ஒருநாள் மனசு நிறைந்து சொன்னேன்: "ஒரு நிரபராதியக் காப்பாத்திட்ட தாயி."

பையில் பருப்பை வாங்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிரபராதின்னு நான் எப்பச் சொன்னேன் பாய்? அவனாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாம எப்படி ஒரு ஆளைக் கொல்லச் சொல்லுவேன்?"