ஓடத்துறையில் பதினொரு படங்கள்

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு பயணப் பத்திரிகையில் மாதம் ஒரு ஊர். எழுத்து நாலு வரிதான். மீதிக் கதையைப் படங்களே சொல்லியாக வேண்டும். போய் இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்க மாட்டாள். ஆட்களோடு வாயடித்து, அவள் வெளியூர்க்காரி என்பதே அவர்களுக்கு மறந்துபோன பிறகுதான் எடுப்பாள். போன இடமெல்லாம் அவளுக்கு ஒரே பேர்: படக்காரி.

அந்த ஆற்றங்கரைக்கும் அப்படித்தான் போனாள். நாற்பது வருஷமாக ஓடம் தள்ளும் ஒருவரின் கதை. முதல் நாள் முழுக்க அவரும் அவர் மனைவியும் அவளை அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சுற்றிக் காட்டினார்கள்.

"தங்கச்சி, என் மூக்கு மட்டும் படத்துல சின்னதா வரணும்."

"அப்ப நீங்க அக்கரையில போய் நிக்கணும், அண்ணே."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் பாலம் கட்டும் மேஸ்திரி மூன்று பேரோடு படித்துறையில் இறங்கினான். துறை எங்களுக்கு வேண்டும், ஓடத்தை எடு என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டுப் போனவன்.

"நேத்தோட கடைசின்னு சொன்னேன்ல, பெரிசு?"

"நீ சொன்ன. நான் சரின்னேனா?"

அதற்கு மேல் பேச்சில்லை. மேஸ்திரியின் கையிலிருந்த இரும்புக் கம்பி அவர் தாடையில் இறங்கியது. ஏறியிருந்தவர்கள் தண்ணீரில் குதித்து ஓடினார்கள். படக்காரியின் விரல் தன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது. கம்பி மறுபடி ஓங்கியது. அவர் படியில் கவிழ்ந்தார். நாலு பேரும் சேர்ந்து மிதித்தார்கள். பதினொரு படம். ஒரு தடவைகூட அவள் கத்தவில்லை.

அப்புறம்தான் மேஸ்திரி அவளைப் பார்த்தான்.

"குடுடி அதை!"

கேமரா வாரைப் பிடித்து முறுக்கினான். கழுத்து இறுக இறுக, படிகளில் தரதரவென்று இழுத்தான். பின்மண்டை படிக்குப் படி மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாய்க்கு எட்டியது அவன் கட்டைவிரல். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். அவன் அலறிக் குனிந்ததும் கேமராவால் முகத்தில் குத்தினாள். லென்ஸ் நொறுங்கியது. அவன் மூக்குடைந்து விழுந்த பிறகும் அவள் கை ஓயவில்லை. அக்கரையிலிருந்து நீந்தி வந்த ஓடக்காரர் மனைவி இடுப்பைக் கட்டி இழுத்துத்தான் நிறுத்தினாள். அதற்குள் அந்த அம்மா ஓடம் தள்ளும் கழியால் ஒருவன் கையை முறித்திருந்தாள். மற்ற இருவர் ஓடிவிட்டார்கள்.

ஓடக்காரர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

கேமரா போனாலும் மெமரி கார்டு தப்பியிருந்தது. பத்திரிகை ஆசிரியர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த முதல் நாள் படங்களை மட்டும் போடுவோம்மா. ஊர் சுத்திப் பார்க்கப் போறவங்க படிக்கிற பத்திரிகை இது."

"முதல் நாளோட நிறுத்தினா அது பொய், சார்."

பத்து வருஷ வேலை அதோடு போயிற்று.

நீதிமன்றத்தில் மேஸ்திரியின் வக்கீல் அவளைக் கிழிகிழியென்று கிழித்தார்.

"பதினொரு தடவை பட்டனை அமுக்க நேரம் இருந்துச்சு. ஒரு தடவை கத்த நேரம் இல்லையா?"

"இருந்துச்சு. கத்தல."

உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. ஆனால் படங்கள் செல்லும் என்றார் நீதிபதி. மேஸ்திரிக்கு ஆயுள் தண்டனை.

வெளியே ஓடக்காரர் மனைவி வழிமறித்தாள். பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"கத்தியிருந்தா நான் அக்கரையிலேருந்து முன்னாடியே வந்திருப்பேன்டி."

படக்காரி கன்னத்தைத் தொடவில்லை. அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே நின்றாள். பிறகு, "எனக்கு ஒரு படம் வேணும்," என்றாள்.

"அண்ணன் சிரிக்கிற படம் நல்லா வந்திருக்கு, அக்கா."

"அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அவரு சும்மா அடி வாங்கியிருக்க மாட்டாரு. திருப்பி அடிச்சாரா, இல்லையா?"

அடித்திருந்தார். மூன்றாவது படம். தாடை தொங்க, ஓடம் தள்ளும் கழியை ஓங்கி மேஸ்திரியின் தோளில் இறக்குகிறார்.

"ஆனா கை நடுங்கி எடுத்தது, அக்கா. தெளிவா இல்ல."

"இல்லாட்டிப் போகுது."

அதைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மா அதைக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினாள். ஓடத்தை இப்போது அவள்தான் தள்ளுகிறாள். பாலத்து ஆட்கள் துறைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.