நேரே பார்த்துப் பாடுகிற மைக்

மேரிசுகந்தி ட்றம்ஸ் அடிப்பாள், அடித்துக்கொண்டே பாடவும் செய்வாள். சொன்னால் வெளியூர்க்காரர் நம்புவதில்லை. ஊர்காவற்றுறைக் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுக்கிற பெண்ணுக்கு நாலு கையா என்பார்கள். நாரந்தனைக் கோயில் இசைக்குழுவில் அவளை ட்றம்ஸில் இருத்தியவர் டிலான். கீபோட் வாசிப்பவர், குழுத் தலைவர். இத்தனை காலமும் பாட்டெல்லாம் அவர் குரலில்தான். அவளுக்கு அவர் கூடப்பிறவாத அண்ணை.

இந்தப் பெருநாளுக்குச் சுகந்தி தானே ஒரு பாட்டுக் கட்டினாள். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனை நினைத்துக் கட்டியது. தாய் கிறேசம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கோயில்வரை நடக்க முடியாது. ஆனால் பெருநாள் என்றால் அவர்கள் வீட்டு ஒழுங்கை முனைவரை குழாய் ஸ்பீக்கர் கட்டுவது ஊர் வழக்கம். தாய் வீட்டிலிருந்தே அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும். சுகந்திக்கு வேறு ஆசையே இல்லை.

மைக்தான் சிக்கல். ட்றம்ஸ் சத்தம் அதற்குள் ஏறிக் குரலை மூடிவிடும். ஒலிபெருக்கிக்காரர் அப்புத்துரை மூன்று வகை கொண்டுவந்தார். டிலான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோதனை வைத்தார். "நீர் வாயைத் திறக்காதையும். சும்மா அடியும்."

தலையில் மாட்டுகிற மைக்கில், ட்றம்ஸோடு நிற்கிற பித்தளைத் தட்டான சிம்பலின் சத்தம் முழுக்க ஏறியது, அவள் மூச்சும் ஏறியது. சாதாரண மேடை மைக்கில் பாதி ஏறியது. மூன்றாவது மைக்குக்கு நேர் முன்னால் வருவது மட்டும்தான் காதில் விழும். பக்கத்தில் இடி விழுந்தாலும் கவனியாது. ஆனால் உதட்டை அதில் ஒட்டினபடி பாடவேண்டும். முகம் கொஞ்சம் திரும்பினாலும் குரல் போய்விடும்.

"இதுதான் உமக்கு. கழுத்தை அசைக்காமல் பழகும்," என்றார் டிலான்.

பழகினாள். கை நாலு பக்கமும் ஓடும், முகம் நேரே நிற்கும். கடையில் சீனி நிறுக்கும்போதும் அப்படியே நின்றாள். சாமான் வாங்க வந்த ஞானசவுந்தரி அக்கா, "என்ன பிள்ளை, கழுத்துப் பிடிச்சுப்போட்டுதோ? எண்ணெய் பூசன்," என்றாள். ஒத்திகையில் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். டிலான் மட்டும் கீபோட் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்று அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

பெருநாளன்று பாடினாள். காலடியில் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் அவள் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. டிலானும் துணைக்குரல் கொடுத்தார். பாட்டு முடிந்து சாமான்களை ஒதுக்கியதும் வீட்டுக்கு ஓடினாள்.

"எப்படியம்மா?"

"டிலான் நல்லாப் பாடினவன். நீ எப்ப பாடுவாய் எண்டு கடைசி மட்டும் காத்துக்கொண்டு இருந்தனான். ஏன் பிள்ளை பாடேல்லை?"

சுகந்திக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் குரல் காலடி ஸ்பீக்கரைத் தாண்டிப் போகவேயில்லை.

மறுநாள் ஒலிபெருக்கிச் சாமான்களைக் கழற்றக் குழுவினர் எல்லாரும் கூடியபோது, மேடையில் டிலானிடம் நேரே கேட்டாள்.

"சிம்பல் சத்தம் உள்ளுக்க வந்திட்டுது. அதுதான் உம்முடைய மைக்கை வெளி ஸ்பீக்கருக்கு விடவேண்டாம் எண்டு அப்புத்துரை அண்ணையிட்டச் சொன்னனான்," என்றார் அவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை! சுகந்தி அதே மைக்கைத் தன் முன்னால் வைத்து, ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "போடுங்கோ அண்ணை. நான் வாயைத் திறக்கேல்லை." பிறகு உட்கார்ந்து, ஆத்திரம் தீர அடித்தாள். கடைசியில் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க சிம்பல்?"

டிலான் ஹெட்போனை மெல்லக் கழற்றினார். "நீர் பாடினால் பிறகு என்னை ஆர் பாடச் சொல்லுவினம்?"

அவள் குழுவில் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் முதலே தெரிந்திருக்கிறது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறார்கள். கோபத்தைவிட, எல்லாரும் அறியத் தான் மட்டும் ஏமாந்த வெட்கம்தான் அவளைச் சுட்டது.

"ஞாயிறு பூசைக்கு வருவீர்தானே?" என்றார் டிலான்.

"நீங்கள் பாடுங்கோ அண்ணை. அடிக்க வேற ஆளைப் பாருங்கோ."

நடந்ததைக் கேட்ட கிறேசம்மா வீட்டில் தன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்து வைத்தாள். "எனக்கு இப்ப பாடிக் காட்டு," என்றாள்.

சுகந்தி அதில் உட்கார்ந்து பாடினாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"ஏன் பிள்ளை சுவரைப் பார்த்துப் பாடுறாய்? என்னைப் பாரன்," என்றாள் தாய்.

தாயின் பக்கம் திரும்பத்தான் பார்த்தாள். டிலான் பழக்கிவிட்ட கழுத்து திரும்பவில்லை.