எந்த ஓம்?

இந்த நினைவு மலரின் அச்சுப்படியை அண்ணர் பார்த்திருந்தால், முதலில் எங்கே பிழை என்றுதான் தேடியிருப்பார். வீட்டில் அவருக்குச் சந்தேகக்காரர் என்று பெயர். எதற்காவது சம்மதித்து ஓம் என்றால், "எந்த ஓம்? கேட்ட ஓமோ, விளங்கின ஓமோ?" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைக் கேட்டார். அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் பிறந்தவர். தகப்பனார் காலமானபின் படிப்பை விட்டுவிட்டு எங்கள் நால்வரையும் வளர்த்தார். இரவல் புத்தகங்களில் வரைபடம் கீறக் கற்று, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு படைமுகாமின் திட்டப் பிரிவில் படையில் சேராத சிவில் படவரைஞரானார்.

ஒருமுறை, வெள்ளம் வந்தால் கரையோரக் கிராமம் ஒன்றின் மக்களைப் படகில் மீட்கும் திட்டம் மேசைக்கு வந்தது. முகத்துவாரத்தால் உள்ளே போய் ஏற்றுவதென்று கட்டளை அதிகாரி சொன்னார். இருந்தவர்கள் எல்லோரும் ஓம் என்றார்கள். அண்ணர் மட்டும், இது கோடைக்காலப் படம், மாரி வெள்ளத்தில் அந்த வழியால் படகு போகாது என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அங்கே கடற்றொழில் செய்யும் ஒருவரிடம் விசாரித்ததாகச் சொன்னார். அதோடு கதை மாறியது. திட்டம் வெளியே போய்விட்டதென்று விசாரணை தொடங்கியது. அந்த ஆளின் பெயரைச் சொல்லும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

பத்திரிகையில் வேலை செய்த எனக்கும் சந்தேகம் வந்தது. படத்தை யாருக்காவது காட்டினீர்களா என்று கேட்டேன்.

"இல்லை. மாரியில வள்ளம் எங்கால விடுறனீங்கள் எண்டு மட்டும் கேட்டனான்."

"அப்ப பேரைச் சொல்லுங்கோவன், அண்ணை."

"அவரிட்டப் போய்க் கேக்கிறவங்கள் என்னை மாதிரிக் கேக்க மாட்டாங்கள், தங்கச்சி."

இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டிலிருந்தார். மாரியில் ஒத்திகை நடந்தது. முதற் படகே முகத்துவார நீரோட்டத்தில் சுழன்று மணல்திட்டில் ஏறியது. ஆட்களுக்குச் சேதமில்லை. கட்டளை அதிகாரி அண்ணரைத் திருப்பி அழைத்துத் தன் மேசையருகிலேயே உட்காரக் கதிரை போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு திட்டமும் எங்கே உடையும் என்று சொல்வதே அதன்பின் அவருடைய வேலை. அந்தக் கதிரை மரியாதைக்கோ, கண்காணிப்புக்கோ என்ற சந்தேகம் ஓய்வு பெற்ற பிறகும் அண்ணருக்குத் தீரவில்லை. எனக்கும்தான். விசாரணை முடிந்ததாக ஒரு கடிதமும் வரவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும், ஒவ்வொரு குளிசையும் எதற்கென்று தாதியிடம் கேட்டபின்தான் விழுங்கினார்.

அவர் காலமான எட்டாம் நாள் ஒரு முதியவர் பந்தலோரத்தில் நெடுநேரம் இருந்தார். யாரென்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. மலர் அடிக்கிறோம் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்து, தன் பெயரையும் ஊரையும் சொன்னார்.

"அந்த முகத்துவாரக் கதையில என்ர பேர் வராதுதானே?"

"ஓம்."

அவர் போகவில்லை. "எந்த ஓம்?"

"விளங்கின ஓம், ஐயா" என்றேன்.

அண்ணரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், மூதூரிலிருந்து முதல் மூன்று நாளும் சாப்பாடு அனுப்பிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த வரிசையில் வரவேண்டிய ஒரு பெயரும் ஓர் ஊரும் இங்கே இல்லை. அவை மறந்து விடுபட்டவையல்ல.