டீக்கு நிற்காத பஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒழுங்கு மட்டும் வராது. படம் வரைய நோட்டு வாங்குவேன், ஆறேழு பக்கம் வரைவேன், அதோடு சரி. மிச்சப் பக்கங்களில் வீட்டு மளிகை லிஸ்ட் ஏறிவிடும். இப்படி நான்கு நோட்டுகள் போயின. ஐந்தாவதோடு வந்த அன்று, கோடு போட்டதாக வாங்கியிருந்தால் லிஸ்ட் எழுத வசதியாக இருந்திருக்குமே என்றார் என் கணவர். வந்ததே எனக்கு ஆத்திரம். வேலைநாள் ஒன்றுகூடத் தவறாமல் நூறு பக்கமும் வரைந்து முடிப்பேன், தவறினால் இனி பென்சிலையே தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிமலையில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பது என் வேலை. காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறுவேன். மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்து டீக்கடையில் டிரைவர் பத்து நிமிடம் நிறுத்தி டீ குடிப்பார். அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டேன். பலாப்பழக் குவியல், பாய்லர், பஸ் சக்கரத்தை முகரும் ஆடு என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். அறுபத்து மூன்று படம் ஆயிற்று. என்னைப் போல ஒழுங்கானவள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று தலைகால் புரியவில்லை. தினமும் நோட்டை விரித்துக் காட்டிக் கணவரை வெறுப்பேற்றினேன்.

அறுபத்து நான்காம் நாள் பஸ் நிற்கவில்லை. நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்க, டீக்கடை பின்னால் போய்விட்டது. கண்டக்டரைக் கேட்டேன். டிரைவர் டீயை விட்டுவிட்டாராம்.

வெள்ளிமலையில் இறங்கியதும் நேரே டிரைவரிடம் போனேன். இத்தனை வருடப் பழக்கத்தைத் திடீரென்று விட்டால் உடம்புக்கு ஆகாது, நாளையிலிருந்து நிறுத்திக் குடியுங்கள் அண்ணா என்று, மருந்து கொடுக்கிறவள், கூசாமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இன்னா மேடம் இது. போன வாரம் மாத்திர வாங்க வந்தப்போ நீங்கதான சொன்னீங்க, சுகர் ஜாஸ்தியா இருக்குது, டீய வுட்டுடுங்கன்னு."

எனக்கு நினைவே இல்லை. கவுண்டரில் நீளும் சீட்டைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். சுகர் மாத்திரை என்றால் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். கேட்டு யாரும் நடந்ததாகத் தெரியவில்லை. இவர் நடந்திருக்கிறார். இருபது வருடமாகக் குடித்தது, நான்கு நாள் சுக்குக் காப்பி வைத்து ஏமாற்றிப் பார்த்தாராம், ஐந்தாம் நாள் கடை பக்கமே திரும்பவில்லை. தலைவலி இன்னும் போகவில்லையாம்.

வெட்கத்தை விட்டு நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். ஐந்து நிமிடமாவது நிறுத்துவார் என்று நம்பினேன்.

"நிறுத்த மாட்டேன் மேடம்" என்றார். "நிறுத்துனா நான் குடிச்சிடுவேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? மூன்று மாதமாக நான் மார்தட்டிக்கொண்ட ஒழுங்கு, அவர் டீ குடித்த ஒழுங்கு. நினைத்து நினைத்து வேலை முடியும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அன்றைய பக்கம் வெறுமையாகவே இருந்தது.

மாலையில் இறங்கும்போதும் அதே வண்டி, அதே டிரைவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓடுகிற பஸ்ஸிலேயே அவர் முதுகை வரைய ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவிலும் பென்சில் ஒரு பக்கம் ஓடியது, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். தோள் ஒன்று மேலே போய்விட்டது, காது கண்ணாடிப் பக்கம் ஒதுங்கிவிட்டது. அழிக்கவில்லை, தேதி போட்டேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா மேடம், நான் இம்மாங் கோணலாவா இருக்கேன்?"

"நீங்க நேராத்தான் இருக்கீங்க அண்ணா. எனக்குத்தான் ஓடுற வண்டியில கை இன்னும் பழகல."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "பழகட்டும். நாளைக்கும் நிறுத்த மாட்டேன்" என்றார்.