நானே சொல்லிக்கொடுத்த ‘வேண்டாம்’

கடனை அளவோடு வாங்கக் கற்றுக்கொண்ட ஒரே மாணவிக்குக் கடன் கிடைக்காமல் செய்தவன் நான்தான்!

நம்பமாட்டீர்கள். பர்மாவில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் என்னை எல்லாரும் ‘ஸயா’ என்றே அழைப்பார்கள். பர்மியில் ஆசிரியருக்கு அந்த மரியாதை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் படிப்புக் கடன் தருகிறது. அதற்கு முன் ஒருநாள் வகுப்பு. எது தேவை, எது ஆசை, வட்டி எப்படி வளரும், வேலை கிடைத்ததும் எப்படித் திருப்பிக் கட்டுவது என்றெல்லாம் பாடம் எடுப்பவன் நான். பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் குழுவிடம் என் கருத்தைச் சொல்வேன். அதன்படிதான் கடன்.

சென்ற ஆண்டு எனக்கொரு யோசனை உதித்தது... ஆகா, என்ன யோசனை! நாடகம் போட்டுப் பார்ப்போம் என்றேன். நான் கடன் கொடுப்பவன். தேவைக்கு மேல் நீட்டி வற்புறுத்துவேன். பிள்ளைகள் ‘வேண்டாம்’ என்று மறுக்க வேண்டும்.

முதலில் வந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை! பெரியவர் நீட்டுவதை மறுத்தால் அவர் மனம் நோகுமே என்ற தயக்கம். பர்மியர் இதை ‘அனாடே’ என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. “தீபாவளிக்குப் புது லோஞ்சி, சட்டை எடுத்துக்க” என்று வெறுங்கையை நீட்டினேன். இங்குள்ள மரியாதைப்படி குனிந்து, வலது முழங்கையை இடது கையால் தாங்கி, இல்லாத பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பாடம் தோற்றுக்கொண்டிருந்தது... நானோ வள்ளலாகிப் பூரித்துக்கொண்டிருந்தேன்!

கடைசியாக வந்தவள் கவிதா. கணினி படிப்பவள். தந்தை போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்.

“நல்ல போனா ஒண்ணு வாங்கிக்கம்மா. சேத்துத் தர்றேன்.”

“வேணாம் ஸயா. காலேஜ் ஃபீஸுக்கு மட்டும் போதும்.”

“அண்ணன் மாதிரி சொல்றேன், வாங்கிக்க.”

“அண்ணனே குடுத்தாலும் வட்டி நான்தானே கட்டணும், ஸயா?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கைதட்டியிருக்க வேண்டாமா? எனக்குக் காது சிவந்துவிட்டது! நான் கொடுக்கவே கொடுக்காத பணத்தை அவள் மறுத்தாள் என்று கோபம்... ஊருக்கு உபதேசம் செய்கிறவனின் லட்சணம் இது!

குழுவில் கேட்டபோது, “கெட்டிக்காரப் பொண்ணுதான். பணிவுதான் பத்தல” என்றேன். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். குனிந்து வாங்கிய அத்தனை பேருக்கும் கடன் கிடைத்தது. கவிதாவின் படிப்பு பாதியில் நின்றது. இப்போது லான்மடாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்! நாற்காலி போட்டாள், தேநீர் வரவழைத்தாள். நான் வாய் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

“அடுத்த வாரம் வகுப்பு இருக்குல்ல ஸயா? இந்தத் தடவ நீங்க எவ்வளவு நீட்டினாலும் வேணாம்னு சொல்லமாட்டேன். குனிஞ்சு வாங்கிக்கிறேன். அப்பக் கடன் கிடைக்குமா?”

கேட்டீர்களா... என் பாடத்தை மறந்துவிட்டால் கடன் கிடைக்குமா என்று என்னிடமே கேட்கிறாள்! ‘நீ சொன்னதுதான் சரி, தவறு என்னுடையது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

“கிடைக்கும்மா” என்றேன்.

தேநீரையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.