ரேச்சலுக்குப் போட்ட மாலை

அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசும்.

தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில், காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் முகங்களைத் துணியில் தைத்துக் கண்காட்சி வைத்தார்கள். எனக்குத் தையல் தெரியுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். லின்டா என்ற தாயோடு சேர்ந்து அவருடைய மகள் ரேச்சலின் முகத்தைத் தைத்தேன்.

கண்காட்சியன்று வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. செவ்வந்தி வாங்கி மாலை கட்டிக்கொண்டுபோய், ரேச்சலின் முகத்துக்குப் போட்டேன்.

"நல்ல வடிவாயிருக்கு. ஏன் இது?" என்று லின்டா கேட்டார்.

"எங்கட ஆக்கள் செத்தவையின்ர படத்துக்குப் போடுறது."

லின்டா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அவளைக் கண்டுபிடிச்சிட்டினமோ? உனக்கு ஆர் சொன்னது?"

ரேச்சல் செத்துவிட்டாள் என்று ஒருவருமே சொல்லவில்லை. நானாக முடிவெடுத்திருக்கிறேன்.

"இல்லை, ஒருத்தரும் சொல்லேல்லை" என்று மாலையைக் கழற்றினேன்.

யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்புக்குப் போய்த் திரும்பிவராத என் தம்பியின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கிட்ட ஒரு பூவைக்கூட வைக்க நான் ஒருவரையும் விட்டதில்லை.